அச்சாரத்த மொதல்ல வைங்க

நகைக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறவர் ஆசாரி வாய் திறப்பதற்கு முன்பே பணத்தையோ பழைய நகையையோ எடுத்து வைக்கிறார். சுவாமிமலையில் ஐம்பொன் சிலை செய்யச் சொல்லப் போகிற கோயில்காரர்கள் ஸ்தபதிக்கு முன்பணம் கொடுக்காமல் திரும்புவதில்லை. கல்யாண மண்டபம், சமையல்காரர், போட்டோக்காரர், நாயனக்காரர் இத்தனை பேருக்கும் அட்வான்ஸ் போகிறது. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்தே போகிறது. இதில் யாருக்கும் மானம் குறைவதில்லை. ஆனால் அதே ஆசாமி, பஸ் ஸ்டாண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் அருந்ததியரிடம் காலை நீட்டி அளவு கொடுத்துவிட்டு, அவர் 'பாதிப் பணம் குடுத்துட்டுப் போங்க' என்றதும் முகம் சிவக்கிறார். 'ஏம்ப்பா, உன் நானூறு ரூவாய வெச்சிக்கிட்டு ஓடியா போயிடுவேன்?' என்கிறார். பறை கட்டிக் கொடுப்பவரிடமும் இதே பேச்சுதான். 'மொதல்ல செய்யி. அப்புறம் பாத்துக்கலாம்.'

இந்த 'அப்புறம் பாத்துக்கலாம்' எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்த்தால், கடப்பாரை நேராக ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருக்கும் எல்லையில் போய் இடிக்கிறது.

கொங்கு நாட்டில் மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தை எடுத்துக்கொள்வோம். கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவருகிற தோல் பையைத் தைத்தவர்கள் மாதாரிகள். அது கிழிந்தால் ஒட்டுப் போட்டவர்களும் அவர்கள்தான். பண்ணையக்காரர் குடும்பத்துக்குச் செருப்பு, மாட்டுக்கு வார் எல்லாம் அவர்கள் கைவேலை. இன்ன கிணற்றுக்கு இத்தனை ஆழம், இன்னார் காலுக்கு இவ்வளவு நீளம் என்று பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. இன்றைய கடைக்காரர் பாஷையில் சொன்னால் 'கஸ்டம் ஆர்டர்'. ஆனால் ஆர்டர் என்ற சொல்லுக்கு அங்கே ஒரே அர்த்தம்தான்: உத்தரவு. விலை என்ற பேச்சே கிடையாது. வருஷம் பூராவும் செய்துவிட்டு, அறுவடைக்குக் களத்து மேட்டில் துண்டை விரித்து நிற்க வேண்டும். எத்தனை வள்ளம் என்பதை அள்ளிப் போடுகிற கை தீர்மானிக்கும். மழை பொய்த்தால், மனசு கோணினால், மாதாரி மகன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடந்துவிட்டால் வள்ளம் குறையும். கிராம ஊழியம் செய்கிறவர்களுக்கு இப்படிக் களத்தில் அளந்து போடும் தானியத்துக்கு மதராஸ் மாகாணத்து ரெவின்யூ காகிதங்களில் ஒரு பேர் இருந்தது. 'சுதந்திரம்'! துண்டேந்தி நிற்பதற்குச் சுதந்திரம் என்று பேர் வைத்த மொழியில்தான் நாம் விடுதலை பேசிக்கொண்டிருக்கிறோம்.

கரண்டு மோட்டார் வந்தது. தோல் பை போனது. களத்துத் தானியமும் போனது. போகாமல் பிழைத்துக்கொண்டது அந்தப் பழக்கம் மட்டும்தான்: வேலை முதலில், கூலி பிறகு, எவ்வளவு என்பது கொடுக்கிறவன் இஷ்டம். மாதாரி டவுனுக்குப் பிழைக்கப் போனபோது அதுவும் கூடவே பஸ் ஏறி வந்து, அவர் உட்கார்ந்த சாக்குக்கு எதிரே நின்றுகொண்டது.

அண்ணல் அம்பேத்கருக்கு இந்த விஷயம் எவ்வளவு முக்கியமாகப் பட்டது என்பதற்கு மகர் வதன் ஒரு சாட்சி. மகர்கள் ஊருக்கும் சர்க்காருக்கும் ராப்பகலாக ஊழியம் செய்தார்கள். பதிலுக்குத் துண்டு நிலமும், ஊர் வீடுகளில் வாங்கும் தானியமும்தான். எந்த வேலைக்கு எவ்வளவு என்ற வரையறை இல்லை. அந்த முறையை மாற்ற 1928-இல் பம்பாய் சட்டசபையில் அண்ணல் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. அவர் மறைந்த பிறகு, 1958ஆம் வருஷத்துச் சட்டத்தில்தான் வதன் ஒழிந்தது. கோயில் நுழைவும் குளத்துத் தண்ணீரும் பேசிய அதே காலத்தில் 'எந்த வேலைக்கு என்ன கூலி, யார் தருவது, எப்போது தருவது' என்பதையும் அவர் பேசினார். நம்மில் பல பேர் முதலாவதை மட்டும் மேடையில் பேசுகிறோம். இரண்டாவது ஏதோ வியாபாரி சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம்.

முன்பணம் வாங்குகிறபோது நடப்பது என்ன? வேலை தொடங்குவதற்கு முன் விலையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்ல வேண்டுமென்றால் எதிரே இருப்பவனை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பேரம் நடக்கிறது, பேரம் என்பதே இரண்டு பேர் பேசுவது. 'குடுக்கறத வாங்கிக்க' என்பதில் ஒரு வாய்தான் உண்டு. ஆக, நானூறு ரூபாய் அட்வான்ஸுக்கு முகம் சிவக்கிற ஆளுக்கு நானூறு ரூபாய் ஒரு பிரச்சினையே இல்லை. தனக்கு முன்னால் இன்னொரு வாய் திறப்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

இது ஒருபக்கம் இருக்கட்டும். தொழிலின் கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். மாணவர்களுக்கு இது தெரியாமல் இருக்கிறது. தொழில் செய்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கே பல பேருக்குத் தெரியாமல் இருக்கிறது.

கடையில் அடுக்கி வைத்த செருப்பை இன்றைக்கு ஒருவன் வாங்காவிட்டால் நாளைக்கு இன்னொருவன் வாங்குவான். அளவெடுத்துத் தைத்த செருப்பு அப்படியில்லை. காகிதத்தில் பாதத்தை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, உயர்ந்த கணுவுக்கும் விரிந்த விரலுக்கும் இடம் விட்டு வெட்டிய தோல் அது. சர்க்கரை நோயில் ஒரு விரலை எடுத்தவர், போலியோவில் கால் சூம்பியவர் என்று இவர்களுக்காகச் செய்த ஜோடி பூமியில் வேறு எந்தக் காலுக்கும் பொருந்தாது. சொன்ன ஆள் வரவில்லையென்றால் அந்தத் தோலும் அதில் போன இரண்டு நாளும் குப்பை. பறையும் அப்படித்தான். வேப்ப மரத்தில் வளைவாக அறுத்த 3 துண்டுகளை இரும்புப் பட்டை போட்டு வட்டமாகச் சேர்க்க வேண்டும். பதமான தோல் கிடைக்க வேண்டும். புளியங்கொட்டைப் பசையில் அதை இழுத்து ஒட்டி வெயிலில் காயவிட வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் வேலை அப்படியே நிற்கும். ஒரு கல்லூரி விழாவுக்கென்று 10 பறை சொல்லி, வட்டத்தில் கல்லூரிப் பேரையும் எழுதச் சொல்லி, கடைசி வாரத்தில் பிரின்ஸ்பால் அனுமதி தரவில்லை என்று கையை விரித்தால், அந்தப் பத்தையும் யார் தலையில் கட்டுவது? ஆட்டக் குழுவுக்கு இதைவிட மோசம். தை, மாசி, பங்குனியில்தான் நாலு காசு. அதில் ஒரு நாளை உங்களுக்கென்று ஒதுக்கினால், அதே நாளுக்கு வந்த இன்னொருவரைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. நீங்கள் முந்தின நாள் ராத்திரி போன் பண்ணி 'தோழர், ப்ரோக்ராம் கேன்சல்' என்றால் அந்த நாளை எந்தக் கடையில் விற்பது?

தோல்காரரோ மரக்கடைக்காரரோ நமக்குக் கடன் கொடுப்பதில்லை. ரொக்கம் கொடுத்தால்தான் சரக்கு. ரொக்கம் எங்கே இருக்கிறது? தண்டல்காரனிடம் இருக்கிறது. ஆயிரம் என்று எழுதிக்கொண்டு 900 கையில் கொடுப்பான். நாளுக்கு 10 ரூபாய் வீதம் 100 நாள் வந்து வசூலிப்பான். கேட்பதற்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டிருப்பதால், சராசரியாகக் கையில் நிற்கிற பணம் 500கூட இராது. அதற்கு 3 மாதச் சில்லறையில் 100 ரூபாய் வட்டி. எந்த பேங்கும் கனவிலும் கேட்காத வட்டி இது. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-இல் சட்டமே வந்தது. தண்டல்காரனின் டிவிஎஸ் 50 அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. வேலை கொடுக்கிறவர் தோல் காசை முன்னால் கொடுத்துவிட்டால் அந்த வண்டி நம் சாக்கு முன்னால் நிற்க வேண்டியதில்லை. 'வட்டி கட்டியாவது வேலையை முடி, நான் சாவகாசமாக வந்து எடுத்துக்கொள்கிறேன்' என்கிறவர் உண்மையில் நம்மிடம் கடன் வாங்குகிறார். காருள்ளவனுக்குச் சாக்கில் உட்கார்ந்திருப்பவன் கடன் கொடுக்கிறான். இதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

நம்பவில்லையென்றால் ஆக்ராவைப் பாருங்கள். ஆக்ரா என்றால் தாஜ்மகால் என்றுதான் பாடப்புத்தகம் சொல்கிறது. நமக்கு அது ஜாதவர்களின் ஊர், அண்ணல் 1956 மார்ச் 18 அன்று பேசிய ஊர், செருப்புத் தொழில் ஊர். வீட்டிலேயே பூட்ஸ் தைத்து ஹிங் கி மண்டி கடைத்தெருவுக்குக் கொண்டுபோகிற சிறு தொழிலாளிக்கு மொத்த வியாபாரி பணம் கொடுக்காமல் ஒரு சீட்டை எழுதிக் கொடுப்பார். 'பர்ச்சி' என்று பேர். இன்ன தேதிக்குப் பிறகு இந்தச் சீட்டுக்குப் பணம். தேதி மாதக் கணக்கில் தள்ளி இருக்கும். அதுவரைக்கும் அடுப்பு எரிய வேண்டுமே? அதே தெருவில் சீட்டை வாங்கிக்கொண்டு, கழிவு பிடித்துக்கொண்டு, மீதியைக் கொடுக்க இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். தைத்தவருக்கு இரண்டு பக்கமும் வெட்டு. முன்பணத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் பர்ச்சி. சரக்கு இன்றைக்கு, பணம் என்றைக்கோ. அங்கே இருப்பவர்கள் அரசியல் தெரியாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அம்பேத்கர் இயக்கம் வட இந்தியாவில் வேர்விட்ட ஊர்களில் ஒன்று அது. அரசியல் இருந்தும், கல்லாப்பெட்டியின் சாவி கைக்கு வராவிட்டால் இப்படித்தான்.

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்பார், கேட்கவும் வேண்டும்: 'முன்பணம்தானே செங்கல் சூளையில் நம் சனங்களை அடிமையாக்கியது? இருளர் குடும்பங்கள் அரிசி ஆலையிலும் சூளையிலும் சிக்கியது அட்வான்ஸால்தானே? அதையா நீங்கள் கேட்கச் சொல்கிறீர்கள்?'

நியாயமான கேள்வி. இரண்டுக்கும் ஒரே பேர் இருப்பதுதான் குழப்பம். சூளைக்காரன் கொடுக்கிற அட்வான்ஸ் கடன். அதற்கு எதிரே வைக்கப்படுவது ஆள். கடன் தீரும்வரை அந்த ஆள் வேறு இடம் போகக்கூடாது, எவ்வளவு கூலி என்று கேட்கக்கூடாது, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பக்கூடாது. 1976-இன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் பிடிப்பது இதைத்தான். அந்தச் சட்டத்தின் விளக்கத்தை ஒவ்வொரு மாணவரும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். கடன் வாங்கியதற்காக மட்டுமல்லாமல், வழக்கம் என்ற பேரிலோ, இன்ன சாதியில் பிறந்தாய் என்ற காரணத்தாலோ, கூலியே இல்லாமல் அல்லது பேருக்கு ஒரு கூலியில் உழைக்க வேண்டியிருந்தாலும் அது கொத்தடிமைதான். தன் உழைப்பில் விளைந்த பொருளைச் சந்தை விலைக்கு விற்கிற உரிமையை இழந்திருந்தாலும் கொத்தடிமைதான். களத்து மேட்டில் துண்டேந்திய மாதாரி அந்த வரிக்குள் அப்படியே பொருந்துகிறார். 1982-இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்குகிற வேலையே அரசியல் சட்டம் 23ஆவது பிரிவு தடை செய்கிற கட்டாய உழைப்பு என்றது.

தைக்கிறவர் கேட்கிற அட்வான்ஸுக்கு எதிரே வைக்கப்படுவது ஆள் கிடையாது. ஒரு ஜோடி செருப்பு. ஒரு பறை. ஒரு நாள் ராத்திரி ஆட்டம். கொடுத்து முடித்ததும் கணக்குத் தீர்ந்தது. இரண்டு முன்பணத்தையும் பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: நிபந்தனையைச் சொன்னது யார்? பணம் வைத்திருப்பவன் சொன்னானா, வேலை தெரிந்தவன் சொன்னானா? செருப்பு வியாபாரி ஒருவர் 20,000 ரூபாயை மொத்தமாகக் கொடுத்து, 'இனிமே தைக்கிறதெல்லாம் எனக்கே, நான் சொல்ற வெலைக்கே' என்றால் அதற்குப் பேர் ஆர்டர் இல்லை. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பணம் முன்னால் வந்துவிட்டதாலேயே சாதி போய்விட்டது என்றும் யாரும் துள்ள வேண்டாம். ஊர்ப் பெரிய வீட்டுச் சாவுக்குக் கூப்பிட வந்தவர் 5,000 ரூபாயைத் திண்ணையிலிருந்து மண்ணில் விசிறிவிட்டு 'எடுத்துக்கடா, காலையில வந்துரு' என்பார். தைத்துக் கொடுப்பவர் கை மேல் பட்டுவிடக் கூடாதென்று காசைச் சாக்கின் மேல் போடுகிற டவுன்வாசிகளை இன்றைக்கும் பார்க்கலாம். அது அச்சாரம் ஆகாது. நாயனக்காரருக்கு எப்படித் தட்டில் வைத்துக் கையில் கொடுக்கிறார்களோ அப்படிக் கொடுக்க வேண்டும். இன்ன தேதி, இத்தனை மணி நேரம், சாப்பாடு எங்கே, போக வர வண்டி யார் என்று பேச வேண்டும். அப்படிக் கொடுக்க மனசில்லாத ஊருக்குப் பறை இல்லை. எல். இளையபெருமாள் போன்றவர்கள் பறையடிப்பதையே விடச் சொன்னார்கள். பிறகு வந்த தலைமுறை அது நம் கலை என்று கையில் எடுத்தது. 2025-இல் மதுரைப் பக்கத்துப் பறை ஆசான் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ வரைக்கும் வந்திருக்கிறது. விடச் சொன்னவர்களுக்கும் எடுத்துக்கொண்டவர்களுக்கும் நடுவே எவ்வளவோ சண்டை உண்டு. 'கூப்பிட்டதும் ஓடக்கூடாது' என்பதில் மட்டும் சண்டையே இல்லை. மறுத்ததற்காக மிரட்டினால், கட்டாயமாக வேலை வாங்கினால், குழி வெட்டவோ பிணம் சுமக்கவோ வைத்தால் அது வன்கொடுமை. குழி வெட்டுவதையும் பிணம் சுமப்பதையும் 2015-இல் திருத்தி 2016 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்த சட்டம் பேர் சொல்லியே குறிப்பிடுகிறது.

காகித விஷயம் ஒன்று. வாய்ப்பேச்சில் வாங்கிய முன்பணம் தகராறில்தான் முடியும். 'அச்சாரம்' வேறு, விலையின் ஒரு பகுதியாக வாங்கும் 'முன்பணம்' வேறு என்று கோர்ட்டுகள் பிரித்துப் பார்க்கின்றன. வாங்குகிறவர் பேச்சுத் தவறினால் அச்சாரத்தை வைத்துக்கொள்ளலாம். வெறும் முன்பணத்தை அப்படி விழுங்கிவிட முடியாது, ஏற்பட்ட நஷ்டத்துக்குத்தான் கணக்கு. 2012-இல் ஒரு வீட்டு விற்பனைத் தகராறிலும் உச்சநீதிமன்றம் இதைச் சொன்னது. எனவே 20 ரூபாய் ரசீதுப் புத்தகம் ஒன்று வாங்கி, கார்பன் வைத்து எழுத வேண்டும்: மொத்த விலை எவ்வளவு, அச்சாரம் எவ்வளவு, எந்தத் தேதிக்கு முடியும், ஆர்டரை ரத்து செய்தால் அச்சாரம் திரும்பாது என்ற ஒரு வரி, இரண்டு பேர் கையெழுத்து. எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு எழுதிக் கொடுப்பது நம் மாணவர்களின் வேலையாக இருக்கட்டும். நாம் தவறினால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதும் அந்த ரசீதில் இருக்க வேண்டும். வாங்கிய அச்சாரத்தைச் செலவழித்துவிட்டு 'நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க' என்று இழுக்கிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அடுத்த ஆள் கேட்கும்போது கிடைக்காமல் போவது அவர்களால்தான். அநியாயத்துக்கும் கேட்கக்கூடாது. அளவுக்கு மீறிய டெபாசிட் கேட்கிற ஒப்பந்தத்தை 2019ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்றே வகைப்படுத்துகிறது. தோல், மரம், பசை, நூல் இதற்கான காசு முழுசாக முன்னால் வந்துவிட வேண்டும். உழைப்புக் கூலியில் ஒரு பங்கும் வந்தால் நல்லது. அவ்வளவுதான் கணக்கு. சேரிக்குள்ளே சாவு விழுந்தால் யாரும் அச்சாரம் கேட்கப் போவதில்லை, கேட்கவும் வேண்டாம். அந்த வீட்டுக்கு நாம் போகிறோம், நம் வீட்டுக்கு அவர்கள் வருவார்கள்.

கடைசியாக நம்மிடமே வருவோம். இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணம் இதுதான்.

இயக்க மாநாடு வருகிறது. போஸ்டர் அடிக்க அச்சகத்துக்கு முன்பணம். அது கொடுக்காமல் மெஷின் ஓடாது என்று நமக்குத் தெரியும். மைக் செட்டுக்கு முன்பணம். பந்தலுக்கு முன்பணம். வாடகை வேனுக்கு டீசல் காசு. பறைக்குழுவுக்கு? 'நம்ம தோழருங்கதானே, மாநாடு முடியட்டும் பாத்துக்கலாம்.' மாநாடு முடிகிறது. தலைவர்கள் காரில் போகிறார்கள். உண்டியல் எண்ணிக் கடன் அடைத்ததில் மிச்சமில்லை. ராத்திரி 11 மணிக்குப் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு 12 பேர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்கள். கையில் ஒரு சால்வையும் பஸ் காசும். 'கலையை விலை பேசலாமா தோழர்' என்று கேட்கிறவர், அச்சகத்துக்காரரிடம் எழுத்தை விலை பேசியது தப்பு என்று நினைக்கவில்லை. ஊர்க்காரன் 'அப்புறம் பாத்துக்கலாம்' என்றால் அது ஆதிக்கம். நாம் சொன்னால் தோழமையா? பறை அடிக்கிறவருக்கு இரண்டுமே ஒரே பட்டினிதான். ஊர்க்காரனிடமாவது முறைத்துக்கொண்டு வந்துவிடலாம். நீலத் துண்டு போட்டவரிடம் முறைக்கவும் முடியாமல் சிரித்துவிட்டு வருகிறார்கள், அது இன்னும் கொடுமை.

கல்லூரி மாணவர்களுக்கும் இதையேதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்பேத்கர் பிறந்தநாளுக்கு ஹாஸ்டல் வாசலில் பறை முழங்க வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. பறை செய்யச் சொல்லும்போதே தலைக்கு 50 ரூபாய் வசூல் பண்ணிக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஏப்ரல் 14-க்கு வேண்டுமென்றால் மாசியிலேயே போங்கள். தோல் காய வேண்டும்.

அடுத்த மாநாட்டு வரவேற்புக் குழு கூடும்போது செலவுப் பட்டியலில் முதல் வரியாகப் பறைக்குழு இருக்கட்டும். அச்சகத்துக்குப் பணம் போகிற அன்றைக்கே அவர்களுக்கும் போகட்டும். பொருளாளர் நேரில் போய்க் கையில் கொடுத்து, ரசீதில் கையெழுத்து வாங்கி வரட்டும். ஆசான் ரசீதுப் புத்தகம் இல்லை என்றால், வரும்போது ஒன்று வாங்கிக்கொண்டே போகலாம்.